பதினைந்து அடித் தொலைவு

நுழையும்முன்

விளையாட்டின் விதிகள் ஒருமுறை எழுதப்பட்டதும் நிலைத்துவிடுவன அல்ல. ஆடுவோரின் திறமையும் சூழ்ச்சியும் வளரவளர, அவற்றுக்கு ஈடுகொடுக்கும் வகையில் விதிகளும் திருத்தப்படுகின்றன. கூடைப்பந்து விளையாட்டில் ஒரே ஒரு விதி நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து திருத்தப்பட்டு வந்துள்ளது. தவறுக்கு எவ்வளவு தண்டனை தகும் என்னும் கேள்வியே அதன் அடியில் இருக்கிறது. அக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

கூடைப்பந்து விரைவின் விளையாட்டு. பத்துப் பேர் ஓடியும் தாவியும் தடுத்தும் ஆடும் களத்தில் ஓய்வுக்கு இடமில்லை. ஆயினும், நடுவரின் ஊதல் ஒலித்ததும் அவ்வோட்டம் சில நேரங்களில் முற்றிலும் அடங்கிவிடுகிறது. ஒருவர் மட்டும் ஒரு கோட்டின் பின்னே தனித்து நிற்கிறார். அவரைத் தடுப்பார் எவருமில்லை. மற்றவர்கள் இருமருங்கிலும் ஒதுங்கி நிற்கின்றனர். பலகையிலிருந்து பதினைந்து அடித் தொலைவில் நின்று, பத்தடி உயரத்திலுள்ள வளையத்தை நோக்கி அவர் பந்தை எறிகிறார். ஆடுகளத்தில் ‘ஃப்ரீ த்ரோ’ என்று வழங்கப்படும் இதனைத் ‘தடையிலா எறிதல்’ என்று குறிப்பிடலாம்.

எதிரணியினர் இழைத்த தவறுக்கு ஈடாக இவ்வாய்ப்பு அளிக்கப்படுகிறது. தள்ளப்பட்டவருக்கும் பிடித்து நிறுத்தப்பட்டவருக்கும் அவர் இழந்ததைத் திருப்பித் தருவதே இதன் நோக்கம். பார்வைக்கு எளியதாகத் தோன்றும் இவ்விதி, இன்றைய வடிவத்தை அடைவதற்குள் பல மாற்றங்களைக் கண்டது. எவ்வளவு தொலைவிலிருந்து எறிவது, யார் எறிவது, எத்தனை முறை எறிவது, எந்தத் தவறுக்கு எறிவது என்னும் நான்கு வினாக்களுக்கும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டன.

எறிதல் இல்லாத தொடக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராக விளங்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பனிக்காலத்தில் வெளியே சென்று விளையாட இயலாத மாணவர்களுக்காக, கூடத்தினுள் ஆடத்தக்க ஒரு விளையாட்டை அவர் 1891 டிசம்பரில் வகுத்தார். மேல்தளத்தின் கைப்பிடிச் சுவரில், பீச் பழக் கூடைகள் இரண்டு எதிரெதிரே பொருத்தப்பட்டன. அணிக்கு ஒன்பது பேராக ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடையில் விழுந்தது.

நெய்ஸ்மித் எழுதிய விதிகள் பதின்மூன்று. முரட்டுத்தனம் இல்லாத விளையாட்டை உருவாக்குவதே அவர்தம் நோக்கம். ஆதலின் தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், கால் இடறுதல், அடித்தல் ஆகிய அனைத்தையும் அவர் தடைசெய்தார். ஒருவர் இரண்டாம் முறை தவறு செய்தால், அடுத்த கூடை விழும்வரை அவர் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஓரணியினர் தொடர்ந்து மூன்று தவறுகள் செய்தால், எதிரணி கூடை போட்டதாகக் கணக்கிடப்படும். இடையில் எதிரணி ஒரு தவறு செய்துவிட்டால் அத்தொடர்ச்சி அறுந்துவிடும்.

இவ்விதிகளில் தடையிலா எறிதல் என்பதே இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது. தண்டனை இருந்தது; ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு உரிய ஈடு இல்லை. கூடையருகே பந்தோடு நிற்கும் ஒருவரைப் பிடித்து இழுத்தால், இழுத்தவரின் பெயரில் ஒரு தவறு குறிக்கப்படும். இழுக்கப்பட்டவர் இழந்த வாய்ப்போ மீளாது. மூன்றாம் தவறு நேரும்போது எதிரணிக்குக் கூடை கிடைக்கும் என்றால், முதல் இரண்டு தவறுகளுக்கு அணி கொடுத்த விலை என்ன என்னும் வினா இயல்பாகவே எழுந்தது.

தெரிந்து தெளிவோம்

கூடைப்பந்தை உலகின் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றதில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. 1920ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் அவ்வியக்கத்தைச் சார்ந்ததே.

கோடு பிறந்தது

அவ்வினாவிற்கு விடையாகத் தடையிலா எறிதல் 1894ஆம் ஆண்டளவில் அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் எறிபவர் இருபது அடித் தொலைவில் நிற்க வேண்டியிருந்தது. அன்றைய பந்தும் கூடையும் இன்றுள்ளவை போன்று செம்மையானவை அல்ல. அத்தொலைவிலிருந்து எறியும் பந்து கூடையில் விழுவது அரிதாயின், ஈடு என்பது பெயரளவில் மட்டுமே நிற்கும். ஆகவே அடுத்த ஆண்டே கோடு ஐந்தடி முன்னே நகர்த்தப்பட்டுப் பதினைந்து அடியில் வரையப்பட்டது. அன்று வரையப்பட்ட கோடு இன்றும் அவ்விடத்திலேயே உள்ளது. விதியின் பிற கூறுகள் பலவும் மாறியபோதும் இத்தொலைவு மாறாமல் நிற்கிறது.

அடுத்து, அந்த எறிதலின் மதிப்பு யாது என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆட்டத்தினூடே போராடிப் போடும் கூடைக்கும், தடுப்பார் இன்றி நின்று போடும் கூடைக்கும் முதலில் ஒரே மதிப்பு அளிக்கப்பட்டது. 1895-96ஆம் ஆண்டுப் பருவத்தில் முன்னதற்கு இரண்டு புள்ளிகள் எனவும் பின்னதற்கு ஒரு புள்ளி எனவும் வரையறுத்தனர். ஈடு என்பது இழந்ததைவிடப் பெரிதாகிவிடக் கூடாது என்னும் எண்ணம் இதில் புலப்படுகிறது.

யார் எறிவது?

தவறுக்கு ஆளானவரே எறிய வேண்டும் என்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை இந்நிலை இல்லை. எந்த ஆட்டக்காரர் தவறுக்கு ஆளானாலும், அணியில் குறி தவறாது எறிய வல்ல ஒருவரே எல்லா எறிதல்களையும் எறியலாம். இதனால் எறிவதற்கென்றே தேர்ந்த ஒருவரை ஒவ்வோர் அணியும் பேணிக் காத்தது. மற்றவர்கள் இக்கலையில் பயிற்சி பெற வேண்டிய தேவை எழவில்லை.

1923-24ஆம் ஆண்டுப் பருவத்தில் இம்முறை கைவிடப்பட்டது. எவருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவரே கோட்டின் பின்னே நின்று எறிய வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. ஈடு என்பது அணிக்கு உரியதா, தனி மனிதருக்கு உரியதா என்னும் வினாவில், அது தனி மனிதருக்கே உரியது என்னும் முடிவை இத்திருத்தம் உரைத்தது. அணியில் உள்ள ஒவ்வொருவரும் எறியும் திறனைப் பெற்றாக வேண்டும் என்னும் கட்டாயமும் உண்டாயிற்று.

ஆயினும் இத்திருத்தம் தான் எண்ணிப் பாராத ஒரு வாயிலையும் திறந்துவிட்டது. தவறுக்கு ஆளானவரே எறிய வேண்டுமெனில், நன்றாக எறிய இயலாதவர் எவர் என்று தேடி, அவர்மீதே தவறு செய்யலாம் அல்லவா? இச்சூழ்ச்சி முழு உருவம் பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

தவறே உத்தியானபோது

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ., அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும் இடர் ஒன்றை எதிர்கொண்டது. முன்னிலை பெற்ற அணி, பந்தைக் கூடைக்கு எறியாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம் என்றிருந்தது. 1950 நவம்பர் 22 அன்று நடைபெற்ற ஆட்டத்தில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19-18 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றது. என்.பி.ஏ. வரலாற்றில் மிகக் குறைந்த புள்ளிகள் எடுக்கப்பட்ட ஆட்டம் அதுவே.

பந்தை வைத்துக்கொண்டிருக்கும் அணியிடமிருந்து அதனை மீட்க வேண்டுமாயின், எதிரணிக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வேண்டுமென்றே தவறு செய்ய வேண்டும். தவறுக்கு ஒரு புள்ளி போனாலும் பந்து கைக்கு வரும். பந்து வந்தால் இரண்டு புள்ளிகள் எடுக்கலாம். இவ்வாறு, தடுப்பதற்காக வகுக்கப்பட்ட தண்டனையே தவறு செய்யத் தூண்டும் கருவியாயிற்று.

1953 மார்ச் 21 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ், சிரக்யூஸ் நேஷனல்ஸ் ஆகிய அணிகளுக்கிடையே நடைபெற்ற ஆட்டம் இந்நிலையின் உச்சம். நான்கு முறை கூடுதல் நேரம் வழங்கப்பட்ட அவ்வாட்டத்தில் பாஸ்டன் அணி 111-105 என்று வென்றது. பாஸ்டனின் பாப் கூசி என்பவர் எடுத்த புள்ளிகள் 50. அவற்றுள் 30 புள்ளிகள் தடையிலா எறிதல்களால் வந்தவை. அவர் 32 முறை எறிந்து 30 முறை கூடையில் சேர்த்தார். தனி மனிதரின் திறமைக்கு இஃது அரிய சான்று என்பதில் ஐயமில்லை. எனினும் ஓடியாடும் ஆட்டத்தைக் காண வந்தவர்கள், ஒருவர் நின்ற இடத்தில் நின்று எறிவதையே மீண்டும் மீண்டும் காண நேர்ந்தது.

1954ஆம் ஆண்டு இரண்டு விதிகள் ஒருசேரக் கொண்டுவரப்பட்டன. முதலாவது, பந்தைப் பெற்ற அணி 24 நொடிகளுக்குள் கூடைக்கு எறிய வேண்டும் என்பது. சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் இதனை வலியுறுத்தினார். நல்லதோர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை கூடைக்கு எறிகின்றன. ஆட்டத்தின் நேரமோ 48 நிமிடங்கள், அதாவது 2,880 நொடிகள். அதனை 120ஆல் வகுத்தால் வருவது 24. இரண்டாவது விதி, ஓர் அணி ஒரு கால்பகுதியில் செய்யும் தவறுகளுக்கு ஆறு என வரம்பு கட்டியது. வரம்பைக் கடந்தால் எதிரணிக்குக் கூடுதலாக ஓர் எறிதல் வழங்கப்படும். பந்தைக் கடத்துவதும் இயலாது. தவறு செய்து பந்தைப் பறிப்பதும் இலாபமாகாது. இவ்விரு விதிகளும் இணைந்தே பயன்தந்தன. ஓரணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் சராசரிப் புள்ளிகள் ஒரே ஆண்டில் 79இலிருந்து 93ஆக உயர்ந்தன.

ஒன்றின்மேல் ஒன்று

இதே சிக்கல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களிலும் இருந்தது. 1952-53ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர்கள் கண்ட வழி வேறு. முதல் எறிதல் குறி தப்பினால் மட்டும் இரண்டாம் எறிதல் தரப்படும் என்று விதித்தனர். சில ஆண்டுகளிலேயே அது தலைகீழாக மாற்றப்பட்டது. முதல் எறிதல் கூடையில் விழுந்தால்தான் இரண்டாம் எறிதல் கிடைக்கும் என்றாயிற்று. ‘ஒன்றின்மேல் ஒன்று’ என்று இதனைக் கூறலாம்.

இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நூறு எறிதல்களில் ஐம்பதைக் கூடையில் சேர்ப்பவர் ஒருவர். எழுபத்தைந்தைச் சேர்ப்பவர் மற்றொருவர். இருவர்மீதும் நூறு முறை தவறு செய்யப்படுவதாகக் கொள்வோம்.

முதல் முறையின்படி, ஐம்பது சேர்ப்பவர் முதல் எறிதலில் 50 புள்ளிகள் பெறுவார். தப்பிய 50 முறைக்கு மீண்டும் எறிந்து 25 பெறுவார். மொத்தம் 75. எழுபத்தைந்து சேர்ப்பவர் முதல் எறிதலில் 75 பெறுவார். தப்பிய 25 முறைக்கு மீண்டும் எறிந்து ஏறத்தாழ 19 பெறுவார். மொத்தம் 94.

இரண்டாம் முறையின்படி, ஐம்பது சேர்ப்பவர் 50 பெற்று, அதனால் கிடைத்த 50 எறிதல்களில் 25 பெறுவார். மொத்தம் அதே 75. எழுபத்தைந்து சேர்ப்பவரோ 75 பெற்று, அதனால் கிடைத்த 75 எறிதல்களில் ஏறத்தாழ 56 பெறுவார். மொத்தம் 131.

முதல் முறையில் எத்துணைத் திறமையாளரும் ஒரு தவறுக்கு ஒரு புள்ளிக்கு மேல் பெற இயலாது. இரண்டாம் முறை பயிற்சிக்குப் பரிசளிக்கிறது. பயிற்சி இல்லாதவருக்கு அது எதையும் கூடுதலாகத் தருவதில்லை. விதியில் ஒரு சொல்லை மாற்றினாலும் விளைவு எவ்வளவு மாறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

என்.பி.ஏ. வேறொரு வகையில் தாராளம் காட்டியது. தவறுகளின் வரம்பு கடந்தபின், இரண்டு புள்ளிகள் எடுப்பதற்கு மூன்று எறிதல்களை அனுமதித்தது. இதனால் ஆட்டம் நீண்டது; 1981-82ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து இச்சலுகை நீக்கப்பட்டது.

இழப்பின் அளவே ஈட்டின் அளவு என்னும் கொள்கை பின்னரும் தொடர்ந்தது. தொலைவிலிருந்து போடும் கூடைக்கு மூன்று புள்ளிகள் என்னும் விதியை என்.பி.ஏ. 1979இல் ஏற்றது. அவ்வாறு எறியும்போது தடுக்கப்பட்டவருக்கு இரண்டு எறிதல்களே தரப்பட்டன. மூன்றை இழந்தவருக்கு இரண்டு ஈடாகுமா? 1994-95ஆம் ஆண்டுப் பருவத்தில் அது மூன்று எறிதல்களாக உயர்த்தப்பட்டது.

உயரமும் தயக்கமும்

விதிகளை வகுத்தோர் எண்ணிப் பார்த்திராத உடலாற்றல் படைத்த ஒருவர் 1950களில் களத்துக்கு வந்தார். ஏழடிக்கு மேல் உயரமுடைய வில்ட் சேம்பர்லின் கோட்டின் பின்னிருந்து ஓடிவந்து தாவி, தடையிலா எறிதலின் பந்தை வளையத்தினுள் நேரே திணிக்க வல்லவர் என்று கூறப்பட்டது. எறிந்த பந்து வளையத்தைத் தொடும்வரை எறிபவரின் கால்கள் கோட்டைக் கடத்தல் கூடாது என்னும் விதி, எறிதலை எறிதலாகவே காத்தது.

வியப்பு யாதெனில், இத்துணை ஆற்றல் மிக்க சேம்பர்லினுக்குத் தடையிலா எறிதலே தீராத குறையாக அமைந்தது. அவர் தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் எறிந்தவற்றில் பாதியை மட்டுமே கூடையில் சேர்த்தார். ஒரு பருவத்தில் மட்டும் அவர் முறையை மாற்றினார். இரு கைகளாலும் பந்தைப் பிடித்து, முழங்கால் மடக்கி, கீழிருந்து மேலாக வீசினார். 1962 மார்ச் 2 அன்று அவர் 100 புள்ளிகள் எடுத்துச் சாதனை படைத்த ஆட்டத்தில், 32 எறிதல்களில் 28ஐக் கூடையில் சேர்த்தது இம்முறையால்தான். ஆயினும் அம்முறை நகைப்புக்கு இடமளிப்பதாகக் கருதி அதனைக் கைவிட்டார். அவர் வெற்றி விழுக்காடு மீண்டும் சரிந்தது.

அதே முறையைக் கூச்சமின்றிப் பின்பற்றிய ரிக் பேரி என்னும் ஆட்டக்காரர், ஏறத்தாழ 90 விழுக்காடு எறிதல்களைக் கூடையில் சேர்த்தார். எப்படி எறிய வேண்டும் என்று விதி ஒருபோதும் கட்டளையிட்டதில்லை. விதி அளித்த உரிமையைப் பயன்படுத்தவிடாமல் சேம்பர்லினைத் தடுத்தது பிறர் நகைப்பார்களே என்னும் எண்ணமே.

வேலியே பயிரை மேய்தல்

சேம்பர்லின் காலத்திலேயே எதிரணியினர் அவரைத் துரத்திப் பிடித்துத் தவறு செய்யத் தொடங்கினர். பந்து அவர் கையில் இல்லாதபோதும் பிடித்தனர். அவரைக் கோட்டுக்கு அனுப்பினால் பாதி எறிதல்கள் வீணாகும் என்பதே கணக்கு. ஆட்டத்தின் இறுதி இரண்டு நிமிடங்களில், பந்தோடு தொடர்பற்ற ஒருவரைப் பிடித்தால் எதிரணிக்கு ஓர் எறிதலோடு பந்துரிமையும் உண்டு என்னும் விதி இதனைக் கட்டுப்படுத்தியது. ஆனால் எஞ்சிய நேரத்துக்கு அவ்விதி பொருந்தவில்லை.

1997 டிசம்பர் 29 அன்று டல்லாஸ் மேவரிக்ஸ் அணியின் பயிற்றுநர் டான் நெல்சன் அவ்விடைவெளியைப் பயன்படுத்தினார். சிகாகோ புல்ஸ் அணியின் டென்னிஸ் ராட்மன் எறிதலில் வலுவற்றவர். அவரைத் திரும்பத் திரும்பப் பிடிப்பதற்கென்றே புபா வெல்ஸ் என்னும் இளம் ஆட்டக்காரர் களமிறக்கப்பட்டார். மூன்றே நிமிடங்களுக்குள் ஆறு தவறுகள் செய்து அவர் வெளியேற்றப்பட்டார். ராட்மனோ 12 எறிதல்களில் 9ஐக் கூடையில் சேர்த்தார். சிகாகோ அணி வென்றது. உத்தி தோற்றது, ஆனால் மறையவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் ஷாகில் ஓ’நீலுக்கு எதிராக அது பெருவழக்காயிற்று. அவர் தம் ஆட்ட வாழ்வில் கூடையில் சேர்த்த எறிதல்கள் 52.7 விழுக்காடு.

2016 ஜனவரி 20 அன்று டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ஆந்த்ரே டிரம்மண்டு ஒரே ஆட்டத்தில் 36 முறை எறிய நேர்ந்தது. அவற்றுள் 23 குறி தப்பின. ஓர் ஆட்டத்தில் ஒருவர் தவறவிட்ட எறிதல்களில் இதுவே என்.பி.ஏ. வரலாற்றில் மிகுதி. அவ்வாட்டத்திலும் வென்றது டிரம்மண்டின் அணியே.

இதுபற்றி இரு கருத்துகள் எழுந்தன. எறியக் கற்றுக்கொள்ளாதவரின் குறைக்காக விதியை ஏன் மாற்ற வேண்டும், அவர் பயிற்சி செய்யட்டுமே என்றனர் ஒரு சாரார். ஆட்டத்தோடு தொடர்பற்ற ஒருவரைத் துரத்திப் பிடிப்பது எவ்வகையில் விளையாட்டாகும், தவறு செய்தவருக்கு விதியே துணைநிற்கலாமா என்றனர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. முன்னது திறமையைக் காக்க விழைகிறது. பின்னது ஆட்டத்தின் பண்பைக் காக்க விழைகிறது. 2016-17ஆம் ஆண்டுப் பருவத்தில் என்.பி.ஏ. நடுவழியைத் தேர்ந்தது. இறுதி இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் இருந்த விதி, ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் எறியும் பொறுப்பு ஆட்டக்காரரிடமே விடப்பட்டது.

இன்றைய திருத்தங்கள்

அண்மைக்கால மாற்றங்களுக்குப் பின்னே புதிய காரணங்களும் உள்ளன. முதற்காரணம் நேரம். என்.பி.ஏ.வின் வளர்நிலை அமைப்பான ஜி லீக் 2019-20ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு புதுமுறையைக் கொண்டுவந்தது. இரண்டு அல்லது மூன்று எறிதல்கள் தரவேண்டிய இடத்தில் ஒரே ஓர் எறிதல் தரப்படுகிறது. அது விழுந்தால் உரிய புள்ளிகள் அனைத்தும் கிடைக்கும். ஆட்டத்தின் இறுதி இரண்டு நிமிடங்களிலும் கூடுதல் நேரத்திலும் மட்டும் பழைய முறை தொடர்கிறது.

இரண்டாம் காரணம் உடல்நலம். ‘ஒன்றின்மேல் ஒன்று’ முறையில், முதல் எறிதல் தப்பினால் பந்து உடனே ஆட்டத்துக்கு வந்துவிடும். அதனைக் கைப்பற்ற இருமருங்கிலும் நிற்போர் ஒருவரையொருவர் முட்டிமோதுவர். அமெரிக்க உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களில் 2023-24ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து இம்முறையைக் கைவிட விதி வகுக்கப்பட்டது. ஒரு கால்பகுதியில் ஐந்தாம் தவறு முதல் இரண்டு எறிதல்கள் என்பது புதிய விதி. மாணவர்கள் காயமுறும் வாய்ப்பைக் குறைப்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதியும் ஐந்தாம் தவறு முதல் இரண்டு எறிதல்களையே வழங்குகிறது.

மூன்றாம் காரணம் ஆட்டத்தின் அழகு. எதிரணி விரைந்து பாயும்போது, அப்பாய்ச்சலை நிறுத்துவதற்காகவே ஒருவரைப் பிடித்து நிறுத்தும் வழக்கம் பரவியது. 2022-23ஆம் ஆண்டுப் பருவத்தில் என்.பி.ஏ. இதற்கு ஓர் எறிதலையும் பந்துரிமையையும் தண்டனையாக்கியது. அந்த எறிதலை அப்போது களத்திலுள்ள எவர் வேண்டுமாயினும் எறியலாம். நூறாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட பழைய முறை இங்கு மீண்டும் இடம்பெறுகிறது. இத்தவறால் இழப்புற்றது தனி மனிதரன்று, அணி முழுவதும் ஆகும். ஆகவே எறிபவரைத் தேரும் உரிமையும் அணிக்கே அளிக்கப்பட்டது.

விதி கற்பிப்பது

தடையிலா எறிதலின் வரலாற்றை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. தண்டனை மிகச் சிறிதாயின் தவறு செய்வது இலாபமாகிறது. தண்டனை மிகப் பெரிதாயின் ஆட்டமே எறிதல்களாக மாறிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சரியான அளவு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. களத்தில் நிகழ்வதைக் கண்டு, ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தேடிக் கண்டடைய வேண்டியிருக்கிறது. விதியைத் திருத்துவது, முன்னதை வகுத்தவர்கள் பிழைபட்டனர் என்பதற்கு அடையாளமன்று. ஆடுவோர் மாறினர், ஆட்டம் மாறியது, நீதி நிலைக்க வேண்டுமாயின் விதியும் மாற வேண்டியதாயிற்று. வீட்டிற்கும் ஊருக்கும் நாட்டிற்கும் வகுக்கப்படும் விதிகளுக்கும் இது பொருந்தும்.

கோட்டின் பின்னே நிற்கும் ஆட்டக்காரருக்கு இவ்வரலாறு தெரியாமல் இருக்கலாம். எனினும் பிறர் இழைத்த தவறுக்கு ஈடாக ஒரு வாய்ப்பு அவர் கைக்கு வந்திருக்கிறது. விதி அவருக்குத் தரக்கூடியது அவ்வளவே. பதினைந்து அடித் தொலைவிலுள்ள கூடையில் பந்தைச் சேர்ப்பது அவர் செய்த பயிற்சியைப் பொறுத்தது.

சொல்லும் பொருளும்

தடையிலா எறிதல் – தவறுக்கு ஈடாக, எவரும் தடுக்காமல் கோட்டின் பின்னின்று பந்தை எறியும் வாய்ப்பு
பந்துரிமை – பந்தைத் தன் வசம் வைத்து ஆடும் உரிமை
பருவம் – போட்டிகள் தொடர்ந்து நடைபெறும் ஆண்டுப்பகுதி
ஈடு – இழப்புக்குச் சமமாக அளிக்கப்படுவது

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி ஆடுகளத்தில் ஒவ்வொருவரும் இருபது முறை தடையிலா எறிதல் செய்து, உங்கள் வெற்றி விழுக்காட்டைக் கணக்கிடுக. பாடத்தில் கூறப்பட்ட இரு முறைகளின்படியும் நூறு தவறுகளுக்கு நீங்கள் பெறக்கூடிய புள்ளிகளை ஒப்பிடுக.
2. ‘எறியத் தெரியாதவருக்காக விதியை மாற்றலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. நீங்கள் அறிந்த வேறொரு விளையாட்டில் விதி மாறியதற்கான காரணத்தை உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டறிந்து எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. நெய்ஸ்மித்தின் பதின்மூன்று விதிகளில், தொடர்ந்து மூன்று தவறுகள் செய்த அணிக்கு விதிக்கப்பட்ட தண்டனை யாது?
2. 24 நொடிகள் என்னும் அளவு எவ்வாறு கணக்கிடப்பட்டது?

சிறுவினா

1. 1923-24ஆம் ஆண்டுத் திருத்தம் தீர்த்த சிக்கலையும் தோற்றுவித்த சிக்கலையும் விளக்குக.
2. வில்ட் சேம்பர்லின், ரிக் பேரி ஆகியோரின் எறியும் முறை பற்றிய செய்திகள் உணர்த்தும் கருத்து யாது?

நெடுவினா

‘தண்டனை தவறுக்கு ஏற்ற அளவினதாக இருத்தல் வேண்டும்’ என்னும் கருத்தைத் தடையிலா எறிதல் விதியின் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.